மே 24 வார இறுதிக்கு முன்: ஒன்ராறியோவில் ஒரு குடும்பப் பசுமைக்குடில்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் காய்கறிக் கன்று வளர்த்து விற்கிற சிறு குடும்பங்களுக்கு ஆண்டில் மூன்று வாரம்தான் சந்தை. மே இரண்டாம் வாரம் வாடிக்கையாளர் வரத் தொடங்குவார்கள், மாதம் முடிவதற்குள் கன்றுகள் போய்விட வேண்டும். நடுவில் வருவது விக்ரோறியா தினம், அதாவது மே 25-க்கு முந்திய திங்கட்கிழமை. 2026-இல் அது மே 18. தேதி எதுவானாலும் இங்கே எல்லாரும் மே 24 வார இறுதி என்றுதான் சொல்வார்கள். ரொறன்ரோ சுற்றுவட்டாரத்தில் வீட்டுத்தோட்டம் செய்கிறவர்கள் தக்காளி, மிளகாய், கத்தரியை வெளியே நடுவது அந்த நீண்ட வார இறுதியில்தான். முந்தி நட்டால் உறைபனி கருக்கிவிடும். ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு கன்று தேடி யாரும் வரமாட்டார்கள்.

இந்த மூன்று வாரத்துக்காக நான்கு மாதம் குடிலைச் சூடாக்கி வந்த ஒரு குடும்பம், ஆறு வாரச் சூட்டோடு அதே அளவு கன்றை இன்னும் நல்ல தரத்தில் வளர்க்கக் கற்றுக்கொண்டது எப்படி என்பதுதான் இந்த ஆய்வு. விதைக்கும் நாளைப் பின்னுக்குத் தள்ளியதுதான் அவர்கள் செய்த பெரிய மாற்றம். மற்ற எல்லாம் அதிலிருந்து வந்தவை. பயிர் நோய் பற்றிக் கேட்கத்தான் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். பிறகு விதைப்புக் கணக்கு எழுதுவதிலும் கூட இருந்தேன்.

இடமும் ஆட்களும்

ஸ்ரொவ்வில்லுக்கு வடக்கே, அக்ஸ்பிரிஜ் போகும் பக்கமாக இருக்கிறது வீடு. கணவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மனைவி வாரத்தில் மூன்று நாள் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறார். கன்று வேலையின் உண்மையான பொறுப்பாளர் அவர்தான். அவருடைய தாயார், பிள்ளைகளுக்கு அம்மம்மா, யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்த குடும்பத்திலிருந்து வந்தவர். விதை தெரிவதும், நாற்றுப் பிரித்து நடுவதும் இன்றைக்கும் அவர் கைதான். மூத்த மகன் கல்லூரியில் படிக்கிறான்.

பசுமைக்குடில் என்று நான் எழுதினாலும் வீட்டில் அதைக் கொட்டில் என்றுதான் சொல்கிறார்கள். வளைத்த இரும்புக் குழாய்களின் மேல் இரண்டு அடுக்குப் பொலித்தீன். அடுக்குகளுக்கு நடுவில் சின்ன விசிறி ஒன்று காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். 5 மீற்றர் அகலம், 12 மீற்றர் நீளம், நடு உயரம் 2.5 மீற்றர். சூட்டுக்குப் புரொப்பேன் அடுப்பு, அதற்குப் புகைபோக்கி உண்டு.

வாடிக்கையாளர் பெரும்பாலும் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். அடுத்தபடியாகக் குஜராத்திகளும் கரிபியன்காரரும். பச்சை மிளகாய், நீளக் கத்தரி, வட்டக் கத்தரி, தக்காளி, வெண்டி, பாகல், புடோல், பயற்றை, முருங்கை, இவற்றோடு நல்ல விலைக்குப் போகும் கறிவேப்பிலை. வெண்டியும் ஆசியக் கத்தரியும் ஒன்ராறியோ வயலில் நன்றாக விளையும் என்பதை நயாகரா பக்கத்து வைன்லாந்து ஆய்வு மையம் வயல் சோதனைகளில் காட்டியிருக்கிறது. ஆக, விளையுமா என்ற சந்தேகம் இல்லை. கோடை குறுகியது, ஒக்டோபரில் உறைபனி திரும்பிவிடும். அதனால் நிலத்துக்குப் போகும்போது கன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் விளைச்சல் தங்கியிருக்கிறது.

லெமிங்ரனில் இருக்கும் பெரிய கண்ணாடிக் குடில்களைப் பார்த்துவிட்டு வந்து சிலர் இவர்களுக்கு யோசனை சொல்வதுண்டு. அங்கே குளிர்காலத்திலும் தக்காளியும் வெள்ளரியும் காயாக விற்கிறார்கள். இங்கே விற்பது கன்று. அந்தக் கணக்கு இந்த இடத்துக்குப் பொருந்தாது.

தை பிறந்தால் விதை

பல ஆண்டுகளாக இவர்கள் பொங்கல் முடிந்த கையோடு மிளகாயும் கத்தரியும் விதைத்து வந்தார்கள். அம்மம்மாவின் நியாயம் எளிமையானது: "தையிலை போடாட்டி பிறகு எப்ப பிள்ளை காய் பிடுங்கிறது?" வாடிக்கையாளர்களும் அதையே வற்புறுத்தினார்கள். "தங்கச்சி, பூ வந்த கன்றாப் பார்த்துத் தாங்கோ" என்று கேட்காதவர் குறைவு. பூவும் பிஞ்சும் இருக்கிற கன்று முதலில் போய்விடும். ஆகவே இன்னும் முந்தி விதைக்க வேண்டும் என்றுதான் குடும்பத்தின் சிந்தனை போனது.

விளைவுகள் மூன்று. முதலாவது, பெப்ரவரியில் நாற்றழுகல். முளைத்து இரண்டு இலை விட்ட நாற்று, மண்ணை ஒட்டிய இடத்தில் நூல்போல் மெலிந்து சாய்ந்துவிடும். காலையில் ஒரு மூலையில் தொடங்கினால் அடுத்த நாள் அரைத் தட்டு படுத்துவிடும். இரண்டாவது, புரொப்பேன் கட்டணம். மூன்றாவது, யாரும் பெரிதாகப் பேசாதது: மே மாதம் வரும்போது கன்றுகள் கிழடு தட்டிவிட்டன. தண்டு கட்டையாகி, அடியிலைகள் பழுத்து, சட்டிக்குள் வேர் சுற்றிச் சுற்றி இறுகிப்போயிருந்தது.

நாற்றழுகலுக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள் என்றேன். பித்தியம், ரைசொக்டோனியா போன்ற பூஞ்சைகளும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களும் செய்கிற வேலை அது. ஈரம் கூடி, வளர்ச்சி மந்தமாக இருந்தால் அவை வெல்லும். குடிலின் காற்று 18 பாகை காட்டியது. ஆனால் ஒரு வெப்பமானியைத் தட்டின் மண்ணுக்குள் குத்திப் பார்த்தபோது 14 பாகைதான். மேசைக்கு அடியில் குளிர் காற்று ஓடுகிறது, நனைந்த மண் ஈரம் ஆவியாகி மேலும் குளிர்கிறது, போதாக்குறைக்குக் கிணற்றுத் தண்ணீர் நேரே குழாயிலிருந்து வருகிறது. தெற்கு ஒன்ராறியோவில் நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் 8 முதல் 10 பாகைக்குள்தான் இருக்கும். மிளகாயும் கத்தரியும் முளைக்க 25 முதல் 30 பாகை வேண்டும். 14 பாகை மண்ணில் அவை வாரக்கணக்கில் நனைந்தபடி கிடக்கின்றன. பூஞ்சைக்கு இதைவிட வசதி வேறென்ன?

மருந்து கேட்டார்கள். மருந்தால் ஆகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. ஏன் பெப்ரவரியில் இந்தக் கொட்டிலுக்குள் நாற்று இருக்க வேண்டும் என்ற கேள்விதான் முன்னால் நின்றது.

சூட்டின் கணக்கு

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகனும் நானும் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. குடும்பத்தின் மனம் மாறியது இதில்தான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

குடிலின் மேற்பரப்பு, இரண்டு முகப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 114 சதுர மீற்றர். காற்று நிரப்பிய இரட்டைப் பொலித்தீன் வழியாக, உள்ளேக்கும் வெளியேக்கும் ஒவ்வொரு பாகை வித்தியாசத்துக்கும் சதுர மீற்றருக்குச் சுமார் 4 வாட் சூடு வெளியேறும். ஒற்றைப் பொலித்தீனாக இருந்தால் 6-க்கு மேல். பெப்ரவரியில் ஓர் இரவு வெளியே கழித்தல் 12, உள்ளே 18 வேண்டுமென்றால் வித்தியாசம் 30 பாகை. 114-ஐ 4-ஆலும் 30-ஆலும் பெருக்கினால் 13.7 கிலோவாட் வருகிறது. பதினான்கு மணி நேர இரவுக்கு 190 கிலோவாட் மணிக்குக் கொஞ்சம் மேல். ஒரு லீற்றர் புரொப்பேனில் சுமார் 7 கிலோவாட் மணி சூடு உண்டு. அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு புகைபோக்கி வழியே போகிறது என்று வைத்தால், ஒரே இரவுக்கு 34 லீற்றர். இடுக்கு வழியாகப் போகும் காற்று இந்தக் கணக்கில் இல்லை. மேகம் மூடிய பகலில் எரிவதையும் சேர்க்கவில்லை.

ஏப்ரல் நடுவில் ஓர் இரவு வெளியே 2 பாகை என்று எடுத்தால் வித்தியாசம் 16 பாகை. இரவும் பதினொரு மணி நேரமாகக் குறைந்துவிட்டது. 14 லீற்றர் போதும். பகலில் வெயில் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, ஓரப் பொலித்தீனைச் சுருட்டிக் காற்று விட வேண்டியிருக்கும்.

சரி, சூட்டைக் குறைக்கலாம், ஆனால் மிளகாய்க்குப் பத்து வாரம் வேண்டுமே? அந்தப் பத்து வாரத்தில் கன்றுக்கு எவ்வளவு இடம் தேவை என்று கேட்டால் விடை வேறுமாதிரி வருகிறது. 72 குழி கொண்ட ஒரு குழித்தட்டின் அளவு ஏறத்தாழ 28-க்கு 54 சென்ரிமீற்றர். மூவாயிரம் நாற்றுக்கு 42 தட்டு, எல்லாம் சேர்ந்து ஆறேகால் சதுர மீற்றர். அதே மூவாயிரத்தை 10 சென்ரிமீற்றர் சட்டிக்கு மாற்றினால் முப்பது சதுர மீற்றர். முதல் ஐந்து வாரம் நாற்றுக்கு வேண்டிய இடம், பின்னால் வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தச் சின்ன இடத்துக்காக ஒரு முழுக் கொட்டிலையே சூடாக்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுப் பேஸ்மென்ற் எப்படியும் 20 பாகையில் இருக்கிறது. அங்கே நான்கு அடுக்கு உள்ள இரும்பு அலுமாரி மூன்று வைத்தார்கள். ஓர் அடுக்கில் நான்கு குழித்தட்டு நிற்கும், ஆக 48. ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு எல்.இ.டி. குழல் விளக்கு. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவாட் அளவு, பதினாறு மணி நேரம் எரிந்தால் 16 கிலோவாட் மணி. குடிலின் ஓர் இரவுச் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் மகன் சேர்த்த ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்ராறியோவில் 2023-இலிருந்து இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை மிகக் குறைந்த மின்கட்டணம் உள்ள ஒரு திட்டம் இருக்கிறது. அதைத் தேர்ந்தால் வேலை நாட்களில் மாலை 4 முதல் 9 வரை கட்டணம் மிக அதிகம். ஜன்னல் இல்லாத பேஸ்மென்றில் இருக்கும் நாற்றுக்கு எது பகல், எது இரவு? அவன் விளக்கை இரவு 11 மணிக்குப் போட்டு மறுநாள் பிற்பகல் 3 மணிக்கு அணைக்கும்படி வைத்துவிட்டான். பதினாறு மணி நேரப் பகல் முழுவதும் விலை கூடிய நேரத்துக்கு வெளியே போய்விட்டது. அவனுடைய தாயார் அதிகாலை வேலைக்குப் புறப்படுமுன் தட்டுகளைப் பார்க்கவும் வெளிச்சம் இருக்கிறது.

பின்னிருந்து எண்ணிய நாட்காட்டி

மே 16-ஐ விற்பனையின் நடு நாளாக வைத்துப் பின்னோக்கி எண்ணினோம். மிளகாய் பத்து வாரம் முன், அதாவது மார்ச் முதல் வாரக் கடைசி. கத்தரி எட்டு வாரம், மார்ச் 21. தக்காளி ஆறு வாரம், ஏப்ரல் 4. முருங்கையும் அதோடு. வெண்டி, பாகல், புடோல், பூசணி மூன்று வாரம் போதும். ஏப்ரல் 25-இல் நேரே சட்டியிலேயே ஊன்ற வேண்டும், ஏனென்றால் வேரை அசைத்தால் இவற்றுக்குப் பிடிக்காது. பாகல் விதையின் ஓட்டை நகவெட்டியால் நுனியில் கிள்ளி, ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் போடுகிறார் அம்மம்மா. குடிலில் அடுப்பு பற்றவைப்பது ஏப்ரல் இரண்டாம் வாரம்தான், மிளகாயைச் சட்டிக்கு மாற்றும் நேரத்தில்.

இதை ஏற்க அம்மம்மாவுக்கு ஓராண்டு பிடித்தது. அவர் சொன்னதில் அனுபவம் இருக்கிறது என்பதால் அவரை வாயடைக்க யாரும் முயலவில்லை. ஜனவரியில் விதைத்த மிளகாய் கொஞ்சமும் மார்ச்சில் விதைத்தது கொஞ்சமும் அவருடைய சொந்தப் பாத்தியிலேயே பக்கம்பக்கமாக நட்டார்கள். நடும் நாளில் ஜனவரிக் கன்று பூவோடு முழங்கால் உயரம், மார்ச்க் கன்று ஒரு சாண். சட்டியைக் கவிழ்த்துத் தட்டியபோதே வித்தியாசம் தெரிந்தது. முதலாவதன் வேர், சட்டியின் வடிவத்தில் பழுப்பு நிறமாக இறுகி, அடியில் வளையமாகச் சுற்றியிருந்தது. விரலால் பிரித்தால் முறிந்தது. மற்றதன் வேர் வெள்ளையாக ஓரத்தை அப்போதுதான் தொட்டிருந்தது. ஜூன் முழுவதும் பெரிய கன்று அப்படியே நின்றது. பழைய பூ உதிர்ந்து, புதுத் துளிர் வரத் தாமதமானது. சின்னது ஜூலைத் தொடக்கத்தில் அதைத் தாண்டிப் பரந்துவிட்டது. ஓகஸ்ற்றில் எதிலிருந்து அதிகம் பிடுங்கினோம் என்று அம்மம்மா தானாகவே எல்லாரிடமும் சொல்லத் தொடங்கினார். இப்போது வாடிக்கையாளர் பூ வந்த கன்று கேட்டால், அவர்தான் ஒரு சட்டியைக் கவிழ்த்து வெள்ளை வேரைக் காட்டுகிறார்: "பூவைப் பாக்காதேங்கோ, இதைப் பாருங்கோ."

முளைக்கும் வரை தட்டுகளின் அடியில் மின்சாரத்தில் சூடாகும் பாய். மண் 27 பாகை ஆனதும் மிளகாய் எட்டுப் பத்து நாளில் எழும்பிவிடுகிறது. எழும்பியதும் பாயை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்று வெளிறி நெடுத்துப்போகும். தண்ணீர் அடித்தட்டில் ஊற்றி மேலே உறிஞ்சவிடுகிறார்கள். மேலிருந்து தெளிப்பதை நிறுத்தியாயிற்று. ஒரு சின்ன விசிறி எப்போதும் ஓடுகிறது. பழைய மண்ணைத் திரும்பப் பாவிப்பதில்லை. பழைய தட்டுகளை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவிக் காயவைக்கிறார்கள். நாற்றழுகல் அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு தட்டின் மூலையில் தலைகாட்டினால் அந்தக் குழிகளை மட்டும் எடுத்துவிடுகிற அளவுக்கு வந்திருக்கிறது.

தண்ணீரில் இன்னொரு விஷயம். இந்தப் பகுதியின் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையைக் கடந்து வருவதால் கடினமானது. தொடர்ந்து ஊற்றினால் சட்டி மண்ணின் காரத்தன்மை ஏறி, இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுவில் மஞ்சளாகும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போடுவது வழக்கம். உண்மையில் இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்கவில்லை. அமிலத் தன்மையுள்ள உரத்துக்கு மாறியதும் சரியானது. குடிலுக்குள் இரண்டு நீலப் பீப்பாயில் தண்ணீரை முதல் நாளே நிரப்பி வைத்து, குளிர் விட்ட பிறகு ஊற்றுகிறார்கள்.

கறிவேப்பிலையும் பூச்சியும்

இதுதான் இந்தக் குடும்பத்தில் இன்னும் தீராத சிக்கல். கறிவேப்பிலை வெப்பநாட்டு மரம். ஒன்ராறியோ குளிரில் வெளியே நிற்காது. குளிர்காலம் முழுவதும் எங்கேயாவது உள்ளே வைத்துக் காக்க வேண்டும். பெரிய தாய்ச்செடிகள் பதினைந்துக்கு மேல் இருக்கின்றன. முன்பு அவையும், காப்பாற்றி வைத்த பழைய மிளகாய்ச் செடிகளும் குளிர்காலம் முழுக்கக் குடிலின் ஒரு கோடியில் நிற்கும். மறுகோடியில் புது நாற்று.

குளிர்காலத்தில் பச்சை அற்றுப்போனால் பூச்சியும் பட்டினியில் சாகும். இங்கே பட்டினியே கிடையாது. செதில் பூச்சியும் அசுவினியும் சிவப்புச் சிலந்தியும் பழைய செடிகளில் தங்கி, மார்ச் வெயில் ஏறியதும் இளம் கத்தரிக்குக் குடிபோயின. கத்தரி இலையில் சிலந்திப் பேன் ஏறினால் முதலில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப்புள்ளிகள் தெரியும். இலையைத் திருப்பிக் கைக்கண்ணாடியால் பார்த்தால் நரம்போரமாக நகரும். வலை பின்னும்வரை விட்டால் அந்தத் தட்டை வெளியே கொண்டுபோவதே நல்லது. சமையலுக்கு இலை பறிக்கிற செடியில் மருந்தடிக்கவும் மனம் வராது, அதில் அவர்கள் செய்வது முழுக்கச் சரி.

இப்போது நாற்று பேஸ்மென்றிலும் தாய்ச்செடிகள் மேலே வீட்டின் வெயில் அறையிலுமாகப் பிரித்துவிட்டார்கள். பழைய மிளகாயை ஒக்டோபரிலேயே வெட்டி எறிந்தாயிற்று. டிசம்பர் தொடங்கி ஏப்ரல் வரை குடில் வெறுமையாக, உறைந்து கிடக்கிறது. அந்த உறைவே பல பூச்சிகளைத் துடைத்துவிடுகிறது. செலவில்லாத மருந்து அது. ஆனால் தாய்ச்செடிகள் ஆண்டுக்காண்டு உயர்ந்து வருகின்றன, வெயில் அறை கொள்ளவில்லை. குளிர்காலத்தில் கறிவேப்பிலை இலை கொட்டி ஓய்வெடுக்கும்போது தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்திவிட்டால் கொஞ்சம் மங்கலான இடத்திலும் உயிரோடு இருக்கும் என்பதால், பாதியை வாகனக் கொட்டகையில் 10 பாகையில் வைத்துப் பார்க்கப்போகிறார்கள்.

கறிவேப்பிலையை விதையிலிருந்து பெருக்குவதிலும் அவசரம் உண்டு. பழம் கறுத்ததும் சதையை நீக்கி உடனே ஊன்ற வேண்டும். காய்ந்த விதை சில வாரத்துக்குள் முளைப்புத்திறனை இழந்துவிடும். கடையில் பொட்டலமாக வாங்கி ஏமாந்தவர்கள் வந்து சொல்லும் கதைகள் அதிகம்.

கடைசிப் பதினைந்து நாள்

குடிலில் வளர்ந்த கன்றுக்கு வெளியே எதுவும் பழக்கமில்லை. பொலித்தீன் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத் தடுக்கிறது, காற்று தண்டை அசைப்பதில்லை, தண்ணீர் நேரத்துக்கு வருகிறது. அப்படியே கொண்டுபோய் மே வெயிலில் நட்டால் இரண்டாம் நாளே இலை வெள்ளைத் தோலாக உரியும். வாங்கினவர் கன்றைக் குறை சொல்வார், அவர் சொல்வதில் பிழை இல்லை.

மே முதல் வாரம் தொடங்கி, தட்டுகளை வெளியே ஒரு நிழலில் சில மணி நேரம், அடுத்த நாட்களில் அரை வெயில், பிறகு முழு வெயில் என்று பழக்குகிறார்கள். சக்கரம் வைத்த நீண்ட மேசைகள் இரண்டைக் கணவரே பற்றவைத்துச் செய்தார். அவற்றைத் தள்ளிக்கொண்டு போய் மாலையில் திரும்பத் தள்ளிவருவது ஒரு ஆள் வேலை. முன்பு தட்டுத் தட்டாகத் தூக்கினார்கள். அந்த வேலைக்குப் பயந்தே கன்றைப் பழக்குவதைச் சுருக்கினார்கள் என்பது என் கணிப்பு. தக்காளி 6, 7 பாகை இரவைத் தாங்கும். மிளகாயும் கத்தரியும் 10-க்குக் கீழே போனால் வளர்ச்சி நின்று பல நாள் பின்னடையும். வெண்டியும் பாகலும் அதைவிடச் செல்லம். ஆகவே இரவில் எது உள்ளே வரவேண்டும் என்பதற்குக் குடில் வாசலில் ஒரு பட்டியல் தொங்குகிறது.

வெளியே பாதிக் கன்று போனதும் உள்ளே நெருக்கம் குறைகிறது. சட்டிகள் ஒன்றையொன்று தொட்டபடி நின்றால் கன்றுகள் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு நெடுநெடுவென்று வளரும். இடைவெளி கிடைத்ததும் தண்டு தடிக்கிறது. முந்தி விதைத்த காலத்தில் மார்ச்சிலேயே இந்த நெருக்கம் வந்துவிடும், வெளியே தள்ள வழியும் இருக்காது.

மே மாதத்தை நம்ப முடியாது என்பதை இந்தப் பகுதி இரண்டு முறை நன்றாகவே காட்டியது. 2020 மே இரண்டாம் வாரத் தொடக்கத்தில் ரொறன்ரோவில் பனி தூவியது. 2022 மே 21, சனிக்கிழமை, அதே நீண்ட வார இறுதியின் நடுப்பகலில் டெரேச்சோ என்கிற கடும் புயல்வரிசை தெற்கு ஒன்ராறியோவைக் குறுக்காக வெட்டிச் சென்றது. அக்ஸ்பிரிஜ்ஜில் அதன் நடுவே டொர்னேடோ என்கிற சுழற்காற்றும் இறங்கியது. ஆண்டின் மிகப் பெரிய விற்பனை நாள் அது. இவர்களுடைய குடிலின் ஒரு பக்கப் பொலித்தீன் கிழிந்து, மேசையில் நின்ற கன்றுகள் முற்றம் முழுக்கச் சிதறின, மின்சாரம் பல நாள் இல்லை. அதற்குப் பிறகு வளைவுகளை நிலத்தில் இறுக்கும் முளைகளை ஆழமாக அடித்து, மூலைகளுக்குக் குறுக்குக் கம்பி போட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் ஓரங்களை இறக்கிக் கட்டுவதுதான் முதல் வேலை. இரண்டு அடுக்குக்கு நடுவே காற்றை நிரப்பும் விசிறிக்கு ஒரு மின்கல மாற்று ஏற்பாடும் உண்டு. தளர்ந்த பொலித்தீன் காற்றில் அடித்தடித்தே கிழியும்.

அடுப்பு நின்றால் என்ன செய்வது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. முன்பு அவசரத்துக்கு வைத்திருந்தது புகைபோக்கி இல்லாத பழைய மண்ணெண்ணெய் அடுப்பு. அதைத் தூக்கிப் போடச் சொல்லி நான் விடாமல் நின்றேன். முழுமையாக எரியாத எரிபொருளிலிருந்து வரும் எதிலீன் வாயு மிகச் சிறிய அளவிலேயே தக்காளி இலையைக் கீழ்நோக்கி வளைத்து, மொட்டை உதிர்த்துவிடும். அதைவிட முக்கியம், காபன் மோனொக்சைட்டுக்கு வாசமில்லை. அடைத்த குடிலுக்குள் இரவு கன்று பார்க்கப் போகிற ஆளுக்கு உயிர் ஆபத்து. இப்போது உள்ளே வெப்பநிலை 8 பாகைக்கு இறங்கினால் மூன்று பேருடைய தொலைபேசியும் ஒலிக்கும். ஏப்ரலில் அடுப்பு நின்றால் வெள்ளைத் துணியை இரண்டு மடிப்பாகப் போர்த்தி விடியும்வரை தாக்குப்பிடிக்கலாம். பெப்ரவரியில் நின்றால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் போயிருக்கும். பிந்தி விதைப்பதில் கிடைத்த நிம்மதிகளில் இதைத்தான் பிள்ளைகளின் தாயார் முதலில் சொல்கிறார்.

விற்பனையில் மாறியவை

கன்றோடு ஒரு சீட்டும் போகிறது. எதை எப்போது நடலாம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். தக்காளி விக்ரோறியா தினத்தன்று, மிளகாயும் கத்தரியும் அதே வாரத்தில் இரவு 10 பாகைக்கு மேல் நின்றால், வெண்டி, பாகல், புடோல், பயற்றை ஜூன் முதல் வாரம். மண் சூடேறாமல் வெண்டி நட்டால் அது அசையாமல் நிற்கும்.

அவரையும் சிறகவரையும் பற்றி எழுதுவதற்குத்தான் அதிகம் யோசித்தார்கள். ஊரிலிருந்து வந்த பழைய அவரை வகைகள் பகல் குறுகினால்தான் பூக்கும். மே கடைசியில் இங்கே பகல் பதினைந்து மணி நேரம். கொடி பந்தல் நிறையப் படரும், பூ செப்ரெம்பரில் எட்டிப்பார்க்கும், காய் முற்றும் முன் உறைபனி வந்துவிடும். ஊர் அவரை வேண்டும் என்று ஆசையோடு கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டிய அம்மாமார். அவர்களிடம் கன்றை விற்றுவிட்டுப் பேசாமல் இருப்பது நியாயமில்லை என்று இந்தக் குடும்பம் முடிவு செய்தது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத அவரை வகை ஒன்றை இரண்டு கோடையாகத் தங்கள் பந்தலில் சோதித்து வருகிறார்கள். ஊர் விதை கேட்பவருக்கு, இது இலைக்கும் நிழலுக்கும்தான், காய் கிடைப்பது அருமை என்று சொல்லியே கொடுக்கிறார்கள்.

வருகிற பருவத்துக்கு எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறார்கள். முப்பது சதுர மீற்றரில் நிற்கும் மூவாயிரத்தோடு வெண்டியும் கொடிகளும் அறுநூறு சட்டி சேர்ந்தால் மேசை நிரம்பிவிடும். அதற்கு மேல் போனால் கன்றைப் பழக்குகிற வேலை குலையும். மிளகாயில் இருநூறு குறைத்து முருங்கை கூட்டுகிறார்கள். ஏப்ரலில் விதைத்த முருங்கை ஜூலையில் இலை பறிக்கத் தயாராகிவிடும், குளிர் வரும்வரை கீரை கிடைக்கும். போன ஆண்டு அது மே 24-க்கு முன்பே விற்றுத் தீர்ந்தது.